பழைய விலை

தையல்காரம்மா வீட்டுக் கொடியில் ஓர் ஆண் சட்டை எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். அதைப் போடுகிற ஆள் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது.

மொட்டைமாடியில் பதினாறு சோலார் பலகைகள். பன்னிரண்டு வருஷம் முன்பு மாட்டியது அவள் கணவன்தான். வயரிங் வேலை பார்ப்பவன். அரசின் சோலார் திட்டத்தில் முதல் வருஷமே சேர்ந்தவர்களிடம் மின்வாரியம் இருபது வருஷத்துக்கு ஒரே விலையில் மின்சாரம் வாங்கிக்கொள்ளும். பின்னால் வந்தவர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே நிபந்தனை: இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். பெயர் மாறினால் புது விலை.

வீடு அவளுடையது. பலகைக்கு வாங்கிய இருபது வருஷக் கடனும் அவள் பெயரில். இணைப்பு மட்டும் அவன் பெயரில்.

அவன் வேறொருத்தியோடு அடுத்த ஊரில் குடித்தனம் போனபோது, அவளால் ஆற அமர அழக்கூட முடியவில்லை. பழைய விலை வந்தால்தான் தவணை கட்ட முடியும். அதனால் வாசலில் அவன் செருப்பு, கொடியில் சட்டை. வாரியத்திலிருந்து சரிபார்க்க ஆள் வந்தால், "இப்பத்தான் கடைக்குப் போனார்" என்பாள்.

"உன் வீட்டுக்காரர் அரிசி வாங்கப் போனா, நாத்து நட்டு அறுத்துத்தான் கொண்டு வருவார் போல" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள்.

வருஷத்துக்கொரு முறை, இங்கேதான் குடியிருக்கிறேன் என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட அவன் வருவான். மறுவீட்டு மாப்பிள்ளை மாதிரி காலாட்டிக்கொண்டு சாப்பாடு கேட்பான். மகள் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். விவாகரத்து கேட்கவும் வழியில்லை. வழக்கு என்று போனால் அவன் எங்கே இருக்கிறான் என்பது வெளியே வந்துவிடும்.

இந்த வருஷம் பேனாவை எடுத்தவன் மூடியைத் திறக்கவில்லை.

"வர்ற காசுல பாதி எனக்கு. இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

"தவணை நான்தானே கட்டறேன்?"

"பேரு என்னுதுதானே?"

அறைக் கதவு திறந்தது. "இன்னும் எட்டு வருஷம் இவருக்கு வடிச்சுக் கொட்டப் போறியாம்மா?" என்றாள் மகள்.

தையல்காரம்மா அவன் முன்னாலிருந்த படிவத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"சாப்பிட்டாச்சுல்ல. கிளம்புங்க."

மறுநாள் காலை வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தாள்.

"பழைய விலை ஒரு தடவை போனா திரும்ப வராதும்மா" என்றார் எழுத்தர்.

"தெரியும் சார்."

"அவர் எப்ப வீட்டை விட்டுப் போனார்?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "நேத்து."

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, "இனிமே வித்தா அடிமாட்டு விலைதான். ஆனா நீங்க வாங்கற கரண்டு விலை கொறையாது. மாடியில வர்ற கரண்டைப் பகல்லயே வீட்டுல செலவு பண்ணிடுங்க" என்றார்.

அவள் மிதி மிஷினைக் கொடுத்துவிட்டு மோட்டார் மிஷின் இரண்டு வாங்கினாள். உதவிக்கு ஒரு பெண்ணையும் வைத்துக்கொண்டு மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் தைக்க எடுத்தாள். தவணை இழுத்துப் பிடித்துக் கட்டப்படுகிறது. வெயில் இருக்கும் வரை அவளால் மிஷினை விட்டு நகர முடிவதில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட விளக்கு வைத்த பிறகுதான் போகிறாள். முதுகு விட்டுப்போகிறது.

விவாகரத்து மனு போட்டாயிற்று. அடுத்த மாதம் முதல் வாய்தா.