மேலே தூக்க வேண்டிய கைப்பிடி

அப்பா ஓட்டிய காரின் பின்பக்க இடது கதவு உள்ளேயிருந்து திறக்காமல் போனது, நான் பாளையங்கோட்டையில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்கு வந்த வருஷத்துச் சாரலில். கார் எங்களுடையதல்ல. வடகரைப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் வைத்திருந்த தென்காசி முதலாளி ஒருவருடையது. யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் கார். அப்பா அதற்கு டிரைவர். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் முதலாளி வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். காரும் ஊருக்கும் அருவிக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலாளியின் இடம் அந்த இடது மூலை. கார் நின்றதும் அப்பா இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, வெளியேயிருந்து கதவைத் திறந்துவிடுவார். வலது கதவு நன்றாகத்தான் இருந்தது. நகர்ந்து அந்தப் பக்கமாக இறங்கலாம். முதலாளி நகருகிற ஆள் இல்லை. ஐந்தருவியில் ஒருநாள் நின்று பார்த்தேன். அப்பா நனைந்தபடி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒரு காலை வெளியே வைத்து, செருப்பைத் தேடி, உள்ளே இருந்தவரிடம் பேச்சை முடித்து, அப்புறம் இறங்கினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்து என்ன செய்யப் போகிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடியைச் சரிசெய்தால் அப்பா மழையில் இறங்க வேண்டாம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஊரிலிருந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, பூட்டோடு சேர்த்துப் புதிதாக மாட்ட வேண்டும், மெட்ராஸிலிருந்து வரவேண்டும், சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி வெளியே கிளம்பாத ஒரு காலையில் நானே கதவைப் பிரித்தேன்.

பிரிப்பதற்குள்ளேயே பாதிப் பகல் போனது. கைப்பிடியின் அடியில் ஒரு வளையம் இருந்தது. அதை ஒரு கையால் கதவோடு அழுத்தினால் உள்ளே சின்ன ஆணி ஒன்று தெரியும். மறு கையால் அதைத் தட்டி எடுக்க வேண்டும். வளையத்தின் பின்னால் ஸ்பிரிங். விரல் வழுக்கினால் வளையம் திரும்பி வந்து ஆணியை மூடிக்கொள்ளும். அப்படி எத்தனையோ தடவை மூடிக்கொண்டது. கடைசியில் ஆணி வெளியே வராமல் கதவுக்குள் விழுந்தது. அதை எடுக்க, கதவின் உட்பக்கத்தை மூடியிருந்த ரெக்ஸின் ஒட்டிய அட்டையைப் பெயர்த்தேன். அட்டை ஓரத்தில் கிழிந்தது. ஆணி கிடைக்கவில்லை. கதவை ஆட்டினால் உள்ளே எங்கோ அதன் சத்தம் மட்டும் கேட்டது.

கோளாறு என்னவோ சின்னதுதான். கைப்பிடியின் சதுர ஓட்டை தேய்ந்து வட்டமாகிவிட்டது. கைப்பிடி சுற்றியது, அது சுழற்ற வேண்டிய கம்பி சும்மா இருந்தது. பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி மடித்துச் சந்தில் செருகினேன். ஆணிக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் கம்பியில் ஒரு துண்டு.

முதலாளி வீட்டுச் சமையல்காரர் கிணற்றடிக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார். பானெட்டின் மேல் பரத்தியிருந்த சாமான்களைக் காட்டி, "என்ன டிரைவரே, பிரிக்கதுக்குத்தான் இந்த வருசம் பாடமோ? சேக்கதுக்கு அடுத்த வருசம் போகணுமோ?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா டயரைக் கழுவிக்கொண்டிருந்தார். சமையல்காரர் போனபிறகு சொன்னார்:

"ஏலே, இது நல்லா இருந்த காலத்துலயும் நாந்தாம்ல எறங்கித் தொறந்துவிட்டேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்போ கைப்பிடி எதுக்கு?"

"காருன்னா கைப்பிடி இருக்கும்லா."

விடுதியில் இருந்த வருஷங்களில் இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. ஆனால் பிரித்ததை அப்படியே விட முடியாது. எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று சந்தேகம் வந்தபோது, வலது கதவைப் போய்ப் பார்த்தேன். அதன் எதிரே உட்கார்ந்தால் கைப்பிடி என் இடது கைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இங்கேயும் இடது கைப்பக்கம் நீட்டி வைத்து, சைக்கிள் கம்பியைச் செலுத்தி, இரண்டு முனைகளையும் தட்டிப் பரத்திவிட்டேன். இனி கழன்று விழாது.

கீழே அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. எரிச்சலில் மேலே இழுத்தேன். திறந்தது.

எதிரெதிர்க் கதவுகளுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி வைத்திருக்க வேண்டும். மற்றக் கைப்பிடிகள் காரின் முன்பக்கம் பார்த்திருக்க, இது மட்டும் பின்பக்கம் பார்த்தது. கண்ணாடிப் பிம்பத்தைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். தட்டிய கம்பியைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் முதலாளியின் சம்பந்தி மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். கிளம்பும்போது அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, கைப்பிடி ஏறுமாறாக அமைந்துவிட்டது, அமுக்கக் கூடாது, தூக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மரியாதைக்காகத் தன் இடது மூலையைச் சம்பந்திக்குக் கொடுத்துவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்தார். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடும் துண்டுகளோடும் முன் சீட்டில். வழி நெடுகச் சம்பந்தி தாம் புதிதாக வாங்கிய காரைப் பற்றியே பேசினார். முதலாளி மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய அருவிப் பக்கம் கார் நின்றது. நல்ல சாரல். சம்பந்தி கைப்பிடியை அழுத்தினார். இன்னொரு முறை, பலமாக. "பூட்டியிருக்கா என்ன?" என்றார். அப்பா ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

"டிரைவர், நீ இரு" என்றார் முதலாளி. சம்பந்தியின் மடிக்கு மேலாகச் சாய்ந்து, ஒற்றை விரலால் கைப்பிடியைத் தூக்கினார். கதவு திறந்தது.

"நம்ம கார்ல தூக்கணும் அத்தான். அமுக்குதவன் உள்ளயேதான் கெடக்கணும்."

"அப்படியா? எங்க வண்டியில இந்த மாதிரி இல்லையே."

"எப்படி இருக்கும்?" என்றார் முதலாளி.

அந்தச் சீசன் முழுவதும் அவரே திறந்தார். புதிதாக வந்தவர்களை வேண்டுமென்றே அந்த மூலையில் உட்காரவைத்து, அவர்கள் அழுத்தி அழுத்திப் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு விரலை நீட்டுவார். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். முதல் சில நாள் கார் நின்றதும் அவர் கை தானாகத் தன் பக்கத்துக் கதவுக்குப் போய்த் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு துணியை வைத்துக்கொண்டு, உள்ளிருந்தபடியே முன் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அருவியில் தண்ணீர் குறைந்தபிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் அனுப்பினார்கள். மெட்ராஸிலிருந்து பூட்டும் கைப்பிடியும் வந்துவிட்டதாம். அப்பாவும் நானும் போய் அந்த அட்டைப்பெட்டியை வாங்கினோம். அப்பா அதைப் பிரிக்கவில்லை. டிக்கியைத் திறந்து, ஜாக்கிக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டார்.

"மாட்டலையா?" என்றேன்.

"எதுக்குல? நல்லாத்தான தொறக்குது."