யாரிடமிருந்து யாருக்கு

போர் மறுபடி தொடங்கியிருந்த காலம். நான் பாலையூற்றில் வீட்டிலிருந்தபடியே மேற்படிப்பு ஆய்வைச் செய்துகொண்டிருந்தேன். என் பாடம் புள்ளிவிபரவியல். எச்.ஐ.வி. வைரஸின் மரபணு ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது, அந்த மாற்றங்களை வைத்து அது பரவிய வழியை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதுதான் ஆய்வு. இரத்தமோ ஊசியோ என் வீட்டுக்குள் வந்ததில்லை. வெளிநாட்டிலிருந்த பேராசிரியர் அனுப்பிய மரபணு எழுத்து வரிசைகளும் ஒரு பழைய கம்ப்யூட்டருமே இருந்தன. கரண்ட் இருக்கும்போது வேலை நடக்கும்.

அம்மா இதைப் பெருமையாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். அடுத்த கிழமையே அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம் கணக்குப் படிக்க வருவதை நிறுத்திவிட்டது. "அந்த எயிட்ஸ் வருத்தத்தை வீட்டில வைச்சு ஏதோ செய்யிறாவாம்" என்ற கதை லிங்கநகர் வரை போயிற்று.

அந்தக் கதையைக் கேட்டுத்தான் ஒரு மத்தியானம் அங்கிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவள் என்னைவிட இளையவள், கலியாணத்துக்கு முன் கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்தவள். வயிற்றில் பிள்ளை. கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, பிறகு அவரைச் சோதித்தபோது அவருக்கும் இருந்தது.

கதிரையின் நுனியில் இருந்தபடி அவள் கேட்டாள். "அக்கா, ஆரிட்ட இருந்து ஆருக்கு வந்தது எண்டு உங்கட கம்ப்யூட்டர் சொல்லுமாம். உண்மையோ?"

"முழுக்க உண்மையில்லை" என்றேன். "இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கேக்க பிழை விடும். ஒவ்வொருத்தரின்ர உடம்பிலயும் பிழை வேற வேற மாதிரிச் சேரும். ரெண்டு பேரின்ர பிழையள் ஒத்துப்போனால், அந்த ரெண்டு வைரஸும் கிட்டத்துச் சொந்தம் எண்டு சொல்லலாம். அவ்வளவுதான்."

"அப்ப ஆர் முதல் எண்டு?"

"சொல்ல ஏலாது. உங்களிட்ட இருந்து அவருக்கு வந்தாலும், அவரிட்ட இருந்து உங்களுக்கு வந்தாலும் ஒரே மாதிரித்தான் தெரியலாம்."

அவளுடைய முகம் வாடிவிட்டது. தன் பக்க நியாயத்தைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்று நம்பி வந்திருக்கிறாள். "அப்ப எனக்காகச் சொல்ல ஒண்டுமில்லையோ?"

"உங்களிலதான் பிழை எண்டு சொல்லவும் ஒருத்தராலயும் ஏலாது" என்றேன்.

அவள் அழத் தொடங்க, அம்மா அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒரு உதவி. என்னிட்ட இருந்துதான் வந்தது எண்டு மெஷின் சொன்னதா என்ர அம்மாவுக்குச் சொல்லுங்கோ. கொழும்பில நிண்டவள் எண்டு அவ இவளைப் போட்டு வதைக்கிறா. இவளுக்குத் தட்டு புறம்பு, கோப்பை புறம்பு. எனக்கு மட்டும் தன்ர கையால சோறு போட்டுத் தாறா."

"உங்களிட்ட இருந்துதான் வந்ததோ அண்ணா?"

"தெரியாது. இருக்கலாம். நானும் முந்தி ஒரு நாளும் சோதிச்சதில்லை."

அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. பொய்யைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் இன்றைக்குக் கம்ப்யூட்டர் ஒரு பெயரைச் சொன்னது என்று ஊருக்குத் தெரிந்தால், நாளைக்கு வேறொருவர் வேறொரு பெயரோடு வந்து நிற்பார். "பொய் சொல்ல ஏலாது அண்ணா" என்றேன். "ஆனா வாறன். உள்ளதைச் சொல்லுறன்."

அடுத்த நாள் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, அம்மாவும் நானும் லிங்கநகரில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய மாமியார் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படிச்ச பிள்ளைக்கே தெரியாதோ?"

"தெரியாது அம்மா. இந்தச் சோதனையை மட்டும் வைச்சு ஒருத்தராலயும் அறுதியாச் சொல்ல ஏலாது."

"அப்ப நான் ஆரை ஏசுறது?"

மகன் உள்ளே போனார். மனைவிக்கென்று ஒதுக்கியிருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்து தாயின் முன்னால் அமர்ந்தார். "ஏசுறதெண்டால் என்னையும் ஏசுங்கோ அம்மா. எனக்கும் இதிலயே போடுங்கோ."

மாமியாரின் கை நின்றுவிட்டது. மருமகள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டது வேறு கேள்வி.

"வயித்தில இருக்கிறதுக்கும் வருமோ?"

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் கணக்கு இருந்தது. "இப்பவே மருந்து எடுக்கத் தொடங்கினால் வராமல் இருக்கத்தான் சாத்தியம் கூட."

"கூட எண்டால்?"

"நல்லாக் கூட அம்மா."

மருந்துக்குக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. வழியெல்லாம் சோதனை; எப்போது பாதை மூடுவார்கள் என்றும் தெரியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒரு வயதான பொம்பிளையோடு போனால் கேள்வி குறையும் என்று மாமியாரே பஸ் ஏறினார். பிறகும் ஒவ்வொரு முறையும் அவர்தான் கூடப் போனார். வழியில் இருவரும் என்ன கதைத்தார்களோ தெரியாது. ஒருமுறை பஸ் நிலையத்தில் கண்டபோது, ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்பிள்ளை பிறந்தது. ஒரு பரிசோதனை போதாது, இடைவெளி விட்டுச் சில முறை பார்க்கவேண்டும். அந்த மாதங்களில் நான் வைரஸின் எத்தனையோ வம்சாவளி மரங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். ஒரே தரவைக் கலைத்துக் கலைத்து மறுபடி வரைந்து, எந்தக் கிளை நிலைத்து நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் முறை. ஆனால் மனம் அந்த ஒரு பிள்ளையிலேயே நின்றது.

கடைசி முடிவு வந்த அன்று மாமியார் வெயிலில் நடந்து பாலையூற்றுக்கு வந்தார். படலையைத் திறக்கும்போதே, "பிள்ளைக்கு இல்லையாம்!" என்றார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகு என்னிடம் கேட்டார். "மற்ற ரெண்டு பேரும் மருந்தோட எவ்வளவு காலம் இருப்பினம் பிள்ளை?"

"ஒழுங்கா எடுத்தால் உங்களைவிடக் கூடக் காலம் இருப்பினம் அம்மா."

"அதுதானே முறை" என்றார் அவர். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.