கிளைடருக்குள் உருண்ட தேசிக்காய்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பேருந்து ஓட்டும் எனக்கு, ஐம்பத்திரண்டு வயதில், கிளைடரில் முதன்முறையாகத் தனியே பறக்கும் நாள் வந்தது. எஞ்சின் இல்லாத விமானம் அது. கம்பிவடத்தால் இழுத்து மேலே ஏற்றிவிடுவார்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, நீட்டினாள். "சக்கரத்துக்குக் கீழை வைக்க விடமாட்டினம். பொக்கற்றிலையாவது வையுங்கோ."

உருளக்கூடிய எதுவும் விமானத்துக்குள் இருக்கக்கூடாது என்பது விதி. தெரிந்தும், அதைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, "எல்லாம் சரிபார்த்துவிட்டேன்" என்று பயிற்சியாளரிடம் சொல்லி ஏறினேன்.

விர்ரென்று மேலே போனேன். வடம் கழன்றது. காற்றின் ஓசை மட்டும்! "நான்தான் ஓட்டுறன்!" என்று கத்தினேன். முதல் வளைவிலேயே தேசிக்காய் நழுவிக் காலடிக்கு உருண்டு, திசைதிருப்பும் பெடலின் பின்னால் சிக்கியது. பெடல் அசையவில்லை. குதிகாலால் ஓங்கி மிதித்தேன். புளிப்பு மணம் கிளம்ப, பெடல் இறங்கியது.

தரையிறங்கியதும் ஒரே கைதட்டல். ஒருவரும் எதையும் காணவில்லை. முதன்முறை தனியே பறந்தவருக்கு இங்கே முட்செடிகளால் கட்டிய பூங்கொத்து கொடுப்பார்கள். என் மகளின் வயதுள்ள பயிற்சியாளர் அதோடு ஓடிவந்தார். நசுங்கிய தேசிக்காயை நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகம் கடுத்தது. "எல்லாருக்கும் சொல்லுங்கோ." சொன்னேன். பிறகு தேசிக்காயைப் பூங்கொத்தின் நடுவில் செருகித் தந்தார். "ஒளிச்சிருந்தால் இதுதான் உங்கடை கடைசிப் பறப்பு. நாளைக்கும் வாங்கோ!"

வீட்டில் மனைவி பூரித்துப்போனாள். "பாத்தியளே, தேசிக்காய்தான் காப்பாத்தினது!"

"ஓம்" என்றேன்.

இருபது பேர் முன்னால் சொன்ன உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.