கோட்டுக்கு வலப்பக்கம்

காளவாசலில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறவன் பாட்டுப் பதிவு செய்கிறான் என்று தெரிந்தால் ஆட்கள் முதலில் கேட்பது "யாருக்கு?" என்பதுதான். யாருக்கும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். சினிமாவுக்கு முயற்சி செய்கிறான், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறான் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். நானும் மறுப்பதில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை, ஐம்பதைத் தாண்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை. இதோடு சினிமா ஆசையையும் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு என் கதை முழுசாகிவிடும்.

உண்மை அதைவிடச் சாதாரணமானது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மிக நீளமாக இருந்தன. கீழே இருக்கும் பைக் மெக்கானிக் கடைக்கு அன்று லீவு என்பதால் வீட்டில் கொஞ்சம் அமைதி கிடைக்கும். ஒரு கீபோர்டு, ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். பதிவு செய்யும் மென்பொருள் இலவசம். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், திருத்துங்கள் என்று பொதுவில் வைத்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர், "எதுக்குண்ணே இந்தக் கஷ்டம்? பெரிய ஸ்டுடியோவுல வச்சிருக்கதையே கிராக் பண்ணிப் போட்டுத் தாரேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். திருட்டுச் சரக்கைத் தொடாதவன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்த மென்பொருளின் கையேடு தலையணை கனத்துக்கு இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். நூலகத்தில் வேலை பார்க்கிறவன் புத்தகத்தை முழுசாகப் படிப்பான் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. எனக்கு வேண்டிய பத்துப் பக்கத்தைப் படித்துவிட்டு எல்லாம் தெரிந்தவன் ஆகிவிட்டேன்.

அந்த அறைக்கு வந்துபோகிற ஒரே ஆள் என் நண்பன். டி. கல்லுப்பட்டியில் விதை, உரக் கடை வைத்திருக்கிறான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு, அவன் தபேலா. நான் சீக்கிரமே கழன்றுகொண்டேன். அவன் கடையையும் பார்த்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு வாசித்துக்கொண்டும் இருந்தான். சொந்தம் எதுவும் கிடையாது, ஆனாலும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு தபேலாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருமங்கலத்தில் பஸ் மாறி வந்துவிடுவான். படியேறும்போதே "மாப்ள, டீ சொல்லிட்டியா?" என்று சத்தம் வரும். அதுவரைக்கும் அந்த வாரத்தில் என்னை யாரும் உறவு சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நூலகத்தில் நான் வெறும் சார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம்தான், "கை பழையபடி வருமா மாப்ள?" என்று கேட்டான். கை வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வான். நான் கிண்டல் செய்வேன், அவனும் சிரிப்பான்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. அதுவரை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்து ஒரே மைக்கில்தான் பதிவு செய்துவந்தோம். அன்றைக்கு முதல் முறையாகத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம் என்றேன். முதலில் நான் கீபோர்டு வாசித்தேன். திரையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாளக் கோடு இருக்கும், முன்னே பின்னே விழுந்த சுரங்களை மென்பொருளே இழுத்துக் கொண்டுபோய் அந்தக் கோட்டில் நிறுத்திவிடும். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதனால் என் வாசிப்பு பிசிறில்லாமல் இருந்தது. அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அவன் தபேலா வாசிக்க வேண்டும், அது தனிப் பட்டையாகத் திரையில் பதிவாகும்.

ஃபேனை நிறுத்தினோம். சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்த்தான், ஹெட்போனை மாட்டினான், வாசித்தான். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் போட்டுக் கேட்டோம். தபேலா பின்தங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் பாட்டு நொண்டியது.

"மாப்ள, லேட்டா விழுகுது" என்றேன்.

"வாசிக்கும்போது சரியாத்தான இருந்துச்சு?"

"இன்னொருக்கா போவோம்."

மறுபடி வாசித்தான். அதேதான். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான், நெற்றியெல்லாம் வியர்வை. அப்போதும் அதேதான். அவனைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினேன்.

"இந்தா பாரு, இது கோடு. இது நீ. எல்லாமே கோட்டுக்கு வலப்பக்கம் நிக்குது. மூணு தடவையும்."

குனிந்து பார்த்தான். என் காதை வைத்து மட்டும் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பான். எங்கள் பதினெட்டு வருடத்தில் பாதி அந்தச் சண்டைதான். திரையோடு எப்படிச் சண்டை போடுவது? மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப கை போயிருச்சுங்கிறியா?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், பொய்யாகவாவது. நானோ "பாத்துக்கலாம் மாப்ள" என்றேன். பெரிய டாக்டர் மாதிரி. சொல்லி வைத்திருந்த டீ வருவதற்குள் அவன் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அதன் பிறகு அவன் வரவில்லை. போன் செய்தால், "கடையில ஆள் நிக்குது, அப்புறம் பேசுறேன்" என்பான். பிறகு எடுப்பதையும் நிறுத்திவிட்டான். பழைய குழுவில் இருந்த ஒருவரைப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அவன் எங்கும் வாசிக்கப் போவதில்லை, கூப்பிட வந்தவர்களிடம் கை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். எனக்கு வருத்தமாக இருந்தது. பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

கார்த்திகை, மார்கழி, தை. ஞாயிற்றுக்கிழமைகள் பழைய நீளத்துக்கே போய்விட்டன. டீக்கடையில் குரல் கொடுத்தால், "ஒண்ணுதானா சார்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒன்றுதான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தைப் பூட்டியதிலிருந்து திங்கட்கிழமை காலை திறக்கிறவரை நான் பேசிய மொத்தப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மாசியில் அந்தப் பாட்டுக்கு ஏதாவது தாளம் வேண்டுமே என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துவரம்பருப்பைப் போட்டுக் குலுக்கிப் பதிவு செய்தேன். திரையில் பார்த்தால் அதுவும் கோட்டுக்கு வலப்பக்கம். சரி, எனக்கும் வயதாகிவிட்டது என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அவனோடு சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகுதான் இடைவெளியை அளந்து பார்த்தேன். அவனுடைய மூன்று பதிவுகளையும் திறந்து அவற்றையும் அளந்தேன். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை அதே இடைவெளி.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்டுக்கொள்ள இணையத்தில் ஒரு களம் இருக்கிறது. என் ஆங்கிலத்தைத் திரட்டி நடந்ததை எழுதினேன். நண்பனைத் தாளம் தவறுகிறாய் என்று சொல்லிவிட்டதையும் சேர்த்து எழுதினேன். மறுநாளே யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். ஹெட்போனை மைக்கின் மேல் அழுத்தி வைத்து, மென்பொருள் தட்டுகிற தாளத்தையே பதிவு செய்து பாருங்கள் என்றார். செய்தேன். அந்தத் தாளமே அதன் சொந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தது.

சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து காதுக்குப் போய், வாசிப்பு மைக் வழியாகத் திரும்பி உள்ளே வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம். எவ்வளவு என்று அளந்து ஓர் எண்ணை நாம்தான் போட வேண்டுமாம். போட்டால் மென்பொருள் தானாகவே கழித்துக்கொள்ளும். கையேட்டில் இருக்கிறது, நான் தாண்டிப்போன பக்கங்களில். காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால் விற்றவனையாவது திட்டியிருப்பேன். இது சும்மா கிடைத்தது, எல்லாவற்றையும் எழுதியும் வைத்திருந்தார்கள். திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

தாளம் தவறுகிற கை ஓரிடத்தில் பிந்தும், ஓரிடத்தில் முந்தும். மூன்று தடவையும் ஒரே அளவு தள்ளி விழுகிறது என்றால் அந்தக் கை எம்புட்டு நிதானமானது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தப்புகளைப் பொத்தானை அமுக்கிச் சரிசெய்துகொண்டவன் அவன் கைக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். எண்ணைப் போட்டு, அவன் பட்டையை இடப்பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டேன். முதல் பதிவிலேயே எந்தக் குறையும் இல்லை. அழுதேன், சொல்வதற்கென்ன.

மறுநாளே போயிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு என்று வைத்தேன். பங்குனியில் கல்லூரியில் பரீட்சை. சித்திரையில் திருவிழாக் கூட்டம், பஸ் கிடைக்காது. சாக்குக்கா பஞ்சம்? வைகாசியில் அவன் மகளுக்குத் திருமங்கலத்தில் கல்யாணம் என்று தபாலில் பத்திரிகை வந்தது. ஓரத்தில் பேனாவால், "மாப்ள, அவசியம் வரணும்" என்று எழுதியிருந்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஒரு பஸ்ஸை விட்டேன், இன்னொரு பஸ்ஸையும் விட்டேன், திரும்பி வந்துவிட்டேன். உன் கை நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறோம் என்பதைவிட, நான் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆவணியில் அந்த இணையக் களத்தில் எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அன்று பதில் சொன்ன அதே ஆள். வேறு எதையோ தேடும்போது என் கேள்வி கண்ணில் பட்டதாம். "உங்கள் நண்பரிடம் சொன்னீர்களா? என்ன சொன்னார்?" என்று கேட்டிருந்தார். எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. முகம் தெரியாத எனக்கு அவர் ஒரே நாளில் பதில் சொன்னார். பதினெட்டு வருடம் பழகியவனுக்குச் சொல்ல நான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு, ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு கல்லுப்பட்டிக்குப் போனேன். விதை வாங்குகிற காலம் என்பதால் கடை திறந்திருந்தது. "வா மாப்ள" என்றான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் ஹெட்போனை நீட்டினேன். மாட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் கல்லா மேஜையில் தட்ட ஆரம்பித்தன.

முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். எண், கையேடு, துவரம்பருப்பு, எல்லாம். கவனமாகக் கேட்டான்.

"அப்ப கைக்கு?"

"கைக்கு ஒண்ணுமில்ல மாப்ள. அன்னைக்கும் ஒண்ணுமில்ல."

சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த அவன் சிரிப்பு. மணிக்கட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "மாசியில" என்றேன்.

"மாசியிலயா?" என்றான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"வைகாசியில மக கல்யாணம். ரிசப்ஷன்ல நம்ம பழைய செட்டுதான் வாசிச்சாங்க. மைக்குல என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. மக மேடையில இருந்து கையக் காட்டுது, ஒரே ஒரு பாட்டு வாசிங்கப்பான்னு. அம்புட்டுப் பேரு முன்னாடி தப்பா வாசிச்சு மக கல்யாணத்தக் கெடுக்கணுமான்னு நான் பந்தி பாக்கப் போயிட்டேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான். அதற்குள் ஒரு விவசாயி மக்காச்சோள விதை கேட்டு வந்தார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்து, எப்போது விதைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினான். திரும்பி வந்து என்னைப் பார்க்காமலே பேசினான்.

"அத மகளுக்கு அனுப்பிவிடு. நான் அனுப்புனா எதாச்சும் கேக்கும். எனக்குச் சொல்ல வராது."

நம்பரைச் சொன்னான், அங்கேயே உட்கார்ந்து அனுப்பினேன். "வாரேன் மாப்ள" என்று எழுந்தேன். "ம்" என்றான். இருந்து சாப்பிட்டுப் போ என்று அவன் சொல்லாமல் நான் அந்த ஊரிலிருந்து கிளம்பியது அதுதான் முதல் தடவை.

பஸ் திருமங்கலத்தைத் தாண்டும்போது அவன் மகளிடமிருந்து செய்தி வந்தது. "மாமா, அப்பாவா வாசிச்சது? கை சரியாயிருச்சா? எப்ப?"

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு என்று எழுதினேன். அழித்தேன். அந்த எண்ணைப் பற்றி விளக்கமாக எழுதினேன், அதையும் அழித்தேன். காளவாசலில் இறங்கி, சிக்னல் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டு எழுதி அனுப்பினேன்:

"அப்பா கை கெடவே இல்லம்மா. அது உன் கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."