ஆழ்கடல் மாதாவின் முன் டயர்கள்

யாழ்ப்பாணத்தில் வாகனம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எங்காவது போவதற்காகத்தான் ஓடுகிறார்கள். கலியாண வீட்டுக்கு, விமான நிலையத்துக்கு, ஒன்றுமில்லாவிட்டால் ஊர் பார்க்கட்டும் என்று கோயிலடிக்கு. குருநகர் வின்சன்ற் மட்டும் பின்னேரங்களில் எங்கும் போகாமல் ஓடுகிறார். பண்ணைப் பாலத்தில் வெயில் சாய்கிற நேரம் அவருடைய வெள்ளை ஹைபிரிட் ஜீப் சத்தமில்லாமல் வழுக்கி வரும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார் ரோட்டு, முன் இருக்கையில் வாயைக் கொஞ்சம் திறந்தபடி நித்திரை கொள்ளும் மனைவி சிசிலியா. தண்ணீரில் நிற்கும் கொக்குகள் கழுத்தைக்கூடத் திருப்புவதில்லை. கொஞ்சம் பருத்த கொக்கு ஒன்று போகிறதாக்கும் என்று விட்டுவிடுகின்றன.

முன்பு வின்சன்ற் படகோட்டி. படகின் பின்னால் பூட்டிய எஞ்சின் அவருடைய ஒரு காதைத் தின்றது. மற்றக் காதைச் சிசிலியா பார்த்துக்கொண்டார் என்று அவரே சொல்வார். பிரான்சில் இருக்கும் மகன் றொகான், "அப்பா, கடலுக்குப் போனது போதும்" என்று படகை விற்பித்து, வாடகைக்கு ஓட்டட்டும் என்று இந்த ஜீப்பை வாங்குவித்தான். வின்சன்ற் செய்த முதல் வேலை, ஜீப்பின் முன் மூடியில் நீல எழுத்தில் "ஆழ்கடல் மாதா" என்று எழுதுவித்தது. ஆசீர்வதிக்க வந்த பங்குச் சுவாமி தீர்த்தத்தைத் தெளிக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இது படகில்லையே வின்சன்ற்?"

"ஓம் சுவாமி. எண்டாலும் பேரில்லாமல் எப்பிடி இறக்கிறது?"

இறக்கிய அன்றைக்கே ஆஸ்பத்திரி வீதிச் சந்தியில் எஞ்சின் நின்றுவிட்டது என்று எண்ணி, இறங்கி மூடியைத் திறந்தார். பின்னால் ஓட்டோக்கள் கத்தின. எஞ்சின் நிற்கவில்லை. அது பற்றரியில் ஓடுகிற வாகனத்தின் மௌனம். அந்த மௌனத்தில் வின்சன்ற் விழுந்தவர் விழுந்தவர்தான். அலையில்லாத கடலில், காற்று மட்டும் தள்ள, ஒரு சொட்டுச் சத்தமும் இல்லாமல் போவதுபோல இருந்தது அவருக்கு.

சிசிலியாவுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது அதற்குப் பிறகு. வீட்டுக்கு வந்தார், நித்திரை வரவில்லை. குளிசை, எண்ணெய், செபமாலை எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் கொடிகாமம் சந்தையில் மரவள்ளிக்கிழங்கும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சிசிலியாவின் தலை மெல்லச் சாய்ந்தது. வின்சன்ற் வீட்டுக்குப் போகவில்லை. பெற்றோல் சிவப்பைக் காட்டும்வரை ஓடினார். அன்றிலிருந்து பின்னேர ஓட்டம் வழக்கமாயிற்று. அந்த நித்திரையில்தான் சிசிலியா தேறி வந்தார்.

அப்போதுதான் முன் டயர்கள் இரண்டும் மொட்டையாகின. போட்ட கடைக்காரன் சொன்ன தூரத்தில் பாதிகூட ஓடியிருக்காது. ஒழுங்கை முழுக்க வைத்தியர்கள் முளைத்தார்கள். காற்றுக் கூட என்றார் ஒருவர், காற்றுக் குறைவு என்றார் அடுத்தவர். பக்கத்து வீட்டு றோய் கடலையே குற்றவாளி ஆக்கினான்.

"அண்ணை, தீவுப் பக்கம் ஓடாதேங்கோ. உப்புக் காத்து ரப்பரைத் தின்னும்."

"உப்புக்குப் பசியெண்டா, முதல்லை உன்னையெல்லோ திண்டிருக்கும்!"

டயர்க் கடை ஜெயரூபன் குந்தியிருந்து முன் சில்லின் டயரைத் தடவிப் பார்த்தான்.

"என்னண்ணை, முன்னாலை ரெண்டும் மொட்டை. பின்னாலை ரெண்டும் புதுமாப்பிள்ளையள் மாதிரி நிக்குது!"

"அதைத்தானே நானும் கேக்கிறன்."

"ஹைபிரிட்டிலை பற்றரியோடை பாரம் கூட. காலை வைச்ச உடனை கறண்ட் மோட்டர் இருக்கிற பலம் முழுக்க முன் சில்லுக்குக் குடுக்கும். எஞ்சின் மாதிரி யோசிச்சு இழுக்காது. சரி, டயரை இடைக்கிடை முன்பின் மாத்தினனீங்களோ?"

"படகிலை ஆரடா முன்பின் மாத்தினது?"

ஜெயரூபன் தலையில் கைவைத்தான். வின்சன்ற் தேயாத சாமான் கேட்டார். அவன் பாளம் பாளமாகப் பூ வெட்டிய நாலு டயர்களை உருட்டி வந்தான்.

"இது கல்லு அண்ணை. உங்களுக்குப் பிறகும் கிடக்கும்."

கல்லுப் பூட்டிய ஆழ்கடல் மாதா அன்று பின்னேரம் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் ஊளையிடத் தொடங்கினாள். கொக்குகள் முதல்முறையாக எழும்பிப் பறந்தன. சாய்ந்துகொண்டிருந்த சிசிலியா நிமிர்ந்தார்.

"இஞ்சாருங்கோ, எங்கை நெல்லுக் குத்துறாங்கள்?"

"டயரடி."

"டயருக்குள்ளை மில்லோ?"

அன்று நித்திரை இல்லை. அடுத்த நாளும் இல்லை. வாரம் முடிவதற்குள் சிசிலியா நித்திரைக் கலக்கத்தில் தேத்தண்ணீரில் சீனியென்று உப்புப் போட்டுக் கொடுத்தார். வின்சன்ற் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். நித்திரை இல்லாமல் அந்த முதுகு ஆறாது என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். சிசிலியாவின் கண்ணுக்குக் கீழே கருமை திரும்பி வந்தது.

வின்சன்ற் திரும்பவும் கடைக்குப் போனார். ஜெயரூபன் மெல்லிய பூ வெட்டிய வேறொரு டயரைக் காட்டினான்.

"இது மெத்தை. சத்தம் வராது. உங்கடை ஜீப்பின்ரை பாரத்தையும் தாங்கும். ஆனா மெத்தை கெதியாத் தேயும் அண்ணை. உங்கடை காலுக்கு உது சவர்க்காரம் மாதிரிக் கரைஞ்சுபோம்."

மெத்தையும் மொட்டையானால், மாரி மழையில் வாடகைக்குக் கொழும்பு ஓட்டம் ஓட முடியாது. ஓட்டம் இல்லாவிட்டால் ஜீப் இல்லை. ஜீப் இல்லாவிட்டால் நித்திரை இல்லை. இதை ஒரு பரீட்சைக் கேள்வியாகத் தந்தால் எங்கள் பிள்ளைகள் எழுதிக் கிழித்திருப்பார்கள். வின்சன்ற் வீட்டுக்கு வந்து, கல்லா மெத்தையா என்று மனைவியிடமே கேட்டார்.

"பழைய டயரிலை மட்டும் நான் முழு நித்திரை கொண்டனானெண்டு நினைச்சியளோ?" என்றார் சிசிலியா. "சந்திக்குச் சந்தி முழிச்சனான்."

"ஏனடி?"

"நீங்கள் அணியம் தூக்கிறனீங்கள்."

அணியம் என்பது படகின் முன்தலை. பாரம் ஏற்றிய படகை எடுக்கும்போது எஞ்சின் பிடியை ஒரே முறுக்காக முறுக்கி அணியத்தைத் தூக்க வேண்டும். மெல்ல முறுக்கினால் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் குடிக்கும். குருநகரில் இது எல்லோருடைய கைக்கும் தெரியும். வின்சன்ற் விஷயத்தில் அது கையிலிருந்து காலுக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு சந்தியிலும் அவர் தார் ரோட்டில் அணியம் தூக்கினார். முன் டயர் ஒரு தோல் உரித்தது. சிசிலியா ஒரு முறை கண் விழித்தார்.

"நானோ? என்ரை கால் பஞ்சு மாதிரியெல்லோ!"

"பஞ்சோ? அப்ப நாளைக்கு ஊர்காவற்றுறையிலை என்ரை தங்கச்சிக்குக் கூழ் கொண்டுபோவம். சிந்தாட்டி மெத்தை வாங்குங்கோ."

பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டுக் காய்ச்சி ஆறவைத்த ஒடியல் கூழ்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிசிலியா ஏறினார். ஊர்காவற்றுறை வரை போகத் தேவைப்படவில்லை. முதல் சந்தியிலேயே சட்டி கவிழப் பார்த்தது. நண்டுக்கால் ஒன்று பாய்ந்து கியருக்குப் பக்கத்தில் விழுந்தது.

"பாருங்கோ, செத்த நண்டே இறங்கி ஓடுது."

வின்சன்ற் நண்டுக்காலைப் பார்த்தார். ஜீப்பை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அதற்குப் பிறகு குருநகருக்கும் பண்ணைக்கும் இடையில் ஓட்டோக்காரர்கள் ஒரு புதுத் தொல்லையைக் கண்டார்கள். பச்சை விழுந்த பிறகும் ஒரு வெள்ளை ஜீப், ஆழமில்லாத தண்ணீரில் கம்பு ஊன்றித் தள்ளிய வள்ளம்போல, மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது. அவர்கள் வின்சன்ற்றின் பரம்பரையை உரத்து விசாரித்தார்கள். அவர் கேட்காத காதை அந்தப் பக்கம் திருப்பிவைத்தார். நிறுத்தும்போதும் தூரத்திலேயே காலை எடுத்து, ஜீப் தானாகத் தளர்ந்து கரையேற விட்டார். ஒருநாள் சட்டியில் கூழ் அசைந்தது, சிந்தவில்லை.

ஜெயரூபன் நாலு மெத்தைகளையும் பூட்டினான். சில்லுகளை நேர் பார்த்து, கதவில் எழுதியிருந்த அளவுக்குக் காற்று அடித்தான். முன்பின் மாற்ற வின்சன்ற் தானாகவே நாள் குறித்தார்: ஆடியில் யாகப்பர் திருநாளுக்கு முன்னும் மார்கழியில் நத்தாருக்கு முன்னும்.

அடுத்த பின்னேரம் கூழ்ச் சட்டியோடு வெளிக்கிட்டார்கள். பாலத்தில் கொக்குகள் அசையவில்லை. கடல் எங்கே முடிந்தது, ரோட்டு எங்கே தொடங்கியது என்று தெரியாத வெளிச்சம். ஒரு சந்தி போனது, இன்னொன்று போனது. சிசிலியா சட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி, வாயைக் கொஞ்சம் திறந்து, நித்திரைக்குள் போய்விட்டார்.

ஊர்காவற்றுறையில் சிசிலியாவின் தங்கை றெஜினா கூழ் குடிக்கப் பனையோலைக் கிண்ணமான பிளாவைக் கோலிக்கொண்டு வீட்டுப் படலையில் நின்றார்.

"அத்தான்!"

வின்சன்ற் உதட்டில் விரலை வைத்தார். நிறுத்தவில்லை. ஆழ்கடல் மாதா றெஜினாவைக் கடந்து, இறங்குதுறை வரை போய், தண்ணீரைப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

"அத்தான், கூழ்!" என்றார் றெஜினா, இம்முறை குசுகுசுத்து.

வின்சன்ற் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார். மூன்றாம் முறை வந்தபோது றெஜினா படலையடியில் கதிரை போட்டு இருந்தார். பிளா மடியில் கிடந்தது. ஜீப்புக்குள் கூழ் ஒரு சொட்டும் சிந்தவில்லை.