வேன் ஜன்னலில் கட்டிய வலை

போன வருடம் ஆடிப்பெருக்கன்று ராசிபுரத்திலிருந்து பரமத்தி வேலூர் காவிரிக்கு வாடகை வேனில் கிளம்பினோம். மொத்தம் பதினொரு பேர். என் மனைவிக்குப் பயணத்தில் வாந்தி வரும் என்பதால் இடதுபக்க ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அந்த ஜன்னலில் மட்டும் கண்ணாடி இல்லை. முட்டை லோடு மேலே போடும் தடித்த நைலான் வலையை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டியிருந்தார் டிரைவர். முடிச்சுகளை எண்ணினேன், எட்டு.

"நாங்க என்ன முட்டையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"முட்டைக்கே கட்டறமுங்கய்யா, உங்களுக்குக் கட்டமாட்டமா?" என்று சிரித்தார். "கண்ணாடி நேத்து ஒடஞ்சிருச்சுங்க. வண்டி பொரண்டா ஆளு வெளிய போயிரக்கூடாதுங்க."

நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம். புதன்சந்தை தாண்டியதும் அவளுக்குக் குமட்டியது. தலையை வெளியே நீட்ட வலை விடவில்லை, சேலையெல்லாம் பாழ். அவள் கண்மூடிச் சாய்ந்திருந்தபோது, சத்தமில்லாமல் ஐந்து முடிச்சுகளை அவிழ்த்துவிட்டேன்.

நாமக்கல்லில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் பார்த்துவிட்டார்.

"முடிச்சுல கை வெச்சது யாருங்க?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"ஆட்டத்துல தளந்திருக்கும் சாமி" என்றாள் மனைவி.

அவர் ஐந்தையும் இறுக்கிக் கட்டி, கூடுதலாக இரண்டு போட்டார். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையையும் கொடுத்தார். எனக்கு அது தோன்றவே இல்லை.

பரமத்தியைத் தாண்டி, எதிரே வந்த கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கும்போது இடது சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியது. வேன் இடப்பக்கமாகப் புரண்டு வயலில் விழுந்தது. அவள்மேல் மூன்று பேர் விழுந்து கிடந்தார்கள்.

"ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று அடியிலிருந்து அவள்தான் முதலில் கேட்டாள்.

அவள் தலை வலைமேல் கிடந்தது. வலைக்குக் கீழே நான்கு விரற்கடையில் ஒரு வரப்புக் கல்.

நெற்றியில் ரத்தம் வழிய டிரைவர் ஒவ்வொருவராக வெளியே இழுத்தார். பதினொரு பேரும் வந்தோம். "அம்மா தல உள்ளதான இருந்துச்சுங்க?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் கன்னத்தில் கட்டம் கட்டமாகப் பதிந்த தடம் ஆறு நாளில் மறைந்தது. முடிச்சை அவிழ்த்தது நான்தான் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இதை முதலில் படிக்கப்போகிறவள் அவள்தான். படித்துவிட்டு எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே, அது போதும்.