பூஜை மாடத்தில் பிறந்த குளவிகள்

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஆந்திராவில், கார்வேட்டிநகரத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து ஆண்கள் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பஸ் பிடித்து வருவார். அந்த வருடம்தான் எங்கள் சொந்தக் கழனியில் முதன்முதலாகக் கரும்பு வைத்தோம். அதுவரை நாங்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கரும்பை வெட்டியவர்கள். சர்க்கார் கொடுத்த அந்தத் துண்டு நிலத்தில் நானே பயிர் செய்து காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வீம்பு அதைவிட நீளம்.

கரும்பு ஆளுயரம் வந்தபோது கணுவோரம் துளைகள் தெரிந்தன. புழு விழுந்த கரும்பை எத்தனை கழனியில் வெட்டியிருக்கிறேன்! பிளந்தால் உள்ளே சிவந்திருக்கும், சாறு கெட்டிருக்கும், காய்ச்சினால் வெல்லமும் கறுத்துப்போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கரும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தக் கரும்பு போச்சின்னா கழனிய குத்தகைக்கு உட்டுட்டு நீயும் கெளம்பி வந்துடு. அங்க ஒரு ரூம் பாத்து வெச்சிகீறேன். கம்பெனில பொம்பளைங்களையும் எடுக்கறாங்க."

கோபப்படாமல், முடிவு செய்துவிட்ட மாதிரி சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மருந்து அடித்துப் பயனில்லை. புழு கரும்புக்குள் சொகுசாகக் குடியிருக்கிறது, மருந்து மேலேயே காய்ந்துவிடும். திருப்பதியில் குளவி அட்டை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கவருக்கு ஒன்றாகக் கையகல அட்டை, அதில் மணலை ஒட்டியது போலக் கறுப்பு முட்டைகள். அங்கிருந்த மேடம் தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். இந்தக் குளவி கண்ணுக்கே சரியாகத் தெரியாது, யாரையும் கொட்டாது. புழுவின் தாய் அந்துப்பூச்சி கரும்பில் முட்டை வைக்கும் அல்லவா, அந்த முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். அப்புறம் அதிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். வெளியே வந்த குளவிக்கு ஆயுசு ஓரிரு நாள்தான். "ரேப்பு பொத்துன்னே கட்டேயாலம்மா" என்று வழியனுப்பும்போதும் சொன்னார். நாளைக் காலையிலேயே அட்டைகளைக் கரும்பு இலையில் கட்டிவிட வேண்டுமாம்.

வீட்டில் மாமியார் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, காசு குடுத்து கொசு வாங்கியாந்துகீற?"

"கொசு இல்ல அத்தே, குளவி."

"ஐயையோ, கொட்டுமேடி!"

கொட்டாது என்று புரியவைத்ததும் வேறு பிரச்சினை கிளம்பியது. நாளைக்கு வேண்டாம், நாளை மறுநாள் ஆடி அமாவாசை, அன்றைக்குக் கட்டு என்றார். எங்கள் ஊரில் தெலுங்குக்காரர்கள் அமாவாசையன்று நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். தமிழ்க்காரர்களான எங்களுக்கோ அதைவிட நல்ல நாள் கிடையாது. முதல் கரும்பு, செத்துப்போன பெரியவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டுமாம். மேடம் சொன்னதை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே! அட்டைகளைக் கவரோடு பூஜை மாடத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பக்கத்திலேயே விளக்கும் ஏற்றிவிட்டார். விளக்கு அணையாமல் எண்ணெய் வேறு ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் களை பிடுங்கிவிட்டு வருகிறேன், வாசலிலேயே அலறல்.

"அடியே, சாமி மேலெல்லாம் ஓடுதுடி!"

விளக்குச் சூட்டில் முன்னாடியே பொரிந்துவிட்டன. கவர்களுக்குள் மிளகுப்பொடி தூவியது போலக் குளவிகள் ஊர்கின்றன. தப்பித்த சில, படத்தின் கண்ணாடி மேல் நடந்துகொண்டிருந்தன. ஓரிரு நாள் உயிரில் பாதியை மாடத்திலேயே கழித்துவிட்டால் என் கரும்பை யார் காப்பாற்றுவது? சத்தியவேட்டு ரூம் கண்முன் வந்து நின்றது.

கவர்களை ஈரத்துணியில் சுற்றினேன். மாமியார் வழியை மறித்தார். இன்றைக்கு நாள் சரியில்லை என்றார்.

"நாளாவது கெழமையாவது! அதுங்க பொறந்துட்ச்சிங்க அத்தே. நாளைக்கி வரைக்கும் பட்டினியா கெடக்கும்?"

அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்ததோ, சட்டென்று முகம் மாறிவிட்டது. பிள்ளைகளோடு பசியில் கிடந்த நாட்களை நிறையப் பார்த்தவர் அவர். "பொறந்ததுங்கள பட்டினி போடக் கூடாதுடி, நட" என்று எனக்கு முன்னால் இறங்கி நடந்தார்.

வெயில் தாழ்ந்ததும் ஆளுக்கொரு பக்கமாகக் கரும்புக்குள் நுழைந்தோம். கரும்பின் சோகை இலைகள் கையையும் முகத்தையும் கீறின. சில அடிக்கு ஒருமுறை கவர் வாயைத் திறந்து, இலைமேல் தட்டித் தட்டி விட்டேன். இன்னும் பொரியாத அட்டைகளைத் துண்டாக்கி இலைக்கு அடியில் கட்டினேன். அந்தப் பக்கம் மாமியார் குரல் கேட்டது. "போங்கம்மா, போய் வவுறு ரொம்ப துன்னுங்க. எங்க புள்ள கரும்ப காப்பாத்துங்க." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், கொஞ்சம் அழுதும் விட்டேன்.

அதற்கப்புறமும் சில தடவை திருப்பதி போய் அட்டை வாங்கி வந்தேன். மாடத்துப் பக்கமே காட்டவில்லை, நேராகக் கழனிதான்.

பொங்கல் கழிந்து வெட்டு. வீட்டுக்காரர் லீவு போட்டு வந்தார். வெட்டிப்போட்ட கரும்பை எடுத்து நீளவாக்கில் பிளந்தார். அடியில் மட்டும் பழைய துளைகள், மேலே போகப் போக வெள்ளை வெளேரென்று இருந்தது. நம்பாமல் வேறு வேறு இடத்திலிருந்து எடுத்துப் பிளந்துகொண்டே இருந்தார். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏம்மே, அந்த ரூமு வாணான்னு சொல்லிடறேன்."

"கேக்கல மாமா, இன்னொருவாட்டி சொல்லு!" என்றேன், வெட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. அவரும் சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்.

இப்போது ஊரில் என்னைக் 'குளவிக்காரி' என்கிறார்கள். நல்ல பேர்தான், நானே அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் காலையில் கிளம்பினால், எதிரே வருகிறவர்கள் "யார் கழனிக்கு?" என்று கேட்பது வழக்கம், யாராவது ஒரு பெரிய வீட்டைச் சொல்லிவிட்டு நடப்போம். இன்றைக்கும் அதே கேள்விக்கு "என் கழனிக்கு" என்று நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அப்படிச் சொல்ல வாய்க்காமலே போய்ச்சேர்ந்த எங்கள் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று தோன்றும்.